கரையேற்றிய பைபர் படகைப் பரிசோதிப்பது எப்படி?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் சாய்ந்தமருது மீனவர்களுக்கும் நிவாரணமாகப் பைபர் படகுகள் கிடைத்தன. அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவையும் உண்டு என ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. ஆகவே படகைக் கரையேற்றும்போது அடிப்பகுதியை நீங்களே பரிசோதியுங்கள்.

1. நன்னீரால் கழுவி உலர விடுங்கள். மற்ற இடங்கள் காய்ந்த பின்னும் ஓரிடத்தில் ஈரம் கசிந்தால், அங்கே தண்ணீர் உட்புகுந்துள்ளது. அந்த இடத்தைச் சோக்கினால் வட்டமிடுங்கள்.

2. மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். வெடிப்பு நட்சத்திரம்போல் பரவியிருந்தால் அது அடிபட்ட இடம். அதே இடத்தை உட்புறமும் பாருங்கள். அங்கும் வெடித்தோ வெளுத்தோ இருந்தால் நார் முறிந்திருக்கலாம்.

3. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால், அங்கே படைகள் பிரிந்திருக்கலாம்.

4. பூட்டிய இயந்திரத்தை மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகை வளைந்து கொடுத்தால் உள்ளே மரம் உக்கியிருக்கலாம்.

ஈரத்தின்மேல் ரெசின் சரியாகப் பிடிக்காது. அவசரமாகப் போட்ட ஒட்டு கரையில் உறுதியாகத் தெரியும், கடலில் கழன்றுவிடும். எனவே வட்டமிட்ட இடங்களைப் பூசி மறைக்காமல், படகு தந்த நிறுவனத்திடமும் கடற்றொழில் பரிசோதகரிடமும் காட்டுங்கள். திருத்தும்வரை கடலுக்கு இறக்க வேண்டாம்.

இலவசமாகக் கிடைத்த படகு என்று குறை சொல்லத் தயங்காதீர்கள். அதில் கடலுக்குப் போகிறவர் நீங்கள்.