பாத்ரூமில் இருக்கும் பொத்தான்

காபி மெஷினைச் சொருகினால் உயிர் வரவில்லை. பக்கத்துப் பிளக் பாயிண்டில் லேப்டாப் சார்ஜரும் அப்படியே. ஆனால் தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. குழாயைத் திறந்தால் பம்பு ஓடித் தண்ணீர் கொட்டுகிறது. அமெரிக்காவில் ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்புகிறவர்களைக் குழப்பும் காட்சி இது. “லைட் எரியுதே, அப்ப கரண்ட் இருக்குன்னுதானே அர்த்தம்?”

இருக்கிறது, ஆனால் அது வேறு கரண்ட். ஆர்.வி.க்குள் இரண்டு மின்சாரங்கள் தனித்தனி வழியில் ஓடுகின்றன. விளக்கு, தண்ணீர் பம்பு, கூரை விசிறி எல்லாம் பேட்டரி தரும் 12 வோல்ட் டி.சி. மைக்ரோவேவ், கூரைமேல் இருக்கும் ஏர்கண்டிஷனர், சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகள் எல்லாம் 120 வோல்ட் ஏ.சி. இது, வண்டி நிறுத்தும் முகாமில் இடத்துக்கு ஒன்றாக நட்டிருக்கும் மின்பெட்டியிலிருந்து தடித்த கேபிள் வழியே உள்ளே வருகிறது. நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் அந்த 120 வோல்ட்டை வாங்கி, 13.6 வோல்ட் அளவுக்கு இறக்கி, பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். வெளி மின்சாரம் நின்றுபோனாலும் பேட்டரி தீரும்வரை விளக்கு எரியும். மத்தியானமே போய்விட்ட கரண்ட், ராத்திரி விளக்கு மங்கும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

ஆகவே விளக்கைப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவின் கடிகாரத்தைப் பாருங்கள். அது 120 வோல்ட்டில் ஓடுவது.

கடிகாரமும் அணைந்திருந்தால் கோளாறு வெளிப்பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். முகாம் மின்பெட்டியின் பிரேக்கர், கேபிளின் முனை, வண்டியின் மெயின் பிரேக்கர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான். ஜெனரேட்டர் உள்ள வண்டி என்றால், வெளி மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே மாறிக்கொள்ளும் ரிலேப் பெட்டி ஒன்று உண்டு. அதன் முனைகள் தீய்ந்துபோவதும் நடக்கும். டிரிப் ஆன பிரேக்கரின் பிடி முழுதாகக் கீழே விழாமல் பாதியில் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ‘ஆன்’ போலவே தோன்றும். முதலில் முழுதாக ‘ஆஃப்’ பக்கம் தள்ளி, பிறகு மேலே ஏற்ற வேண்டும். டிரிப் ஆன காரணமும் பெரும்பாலும் ரகசியமில்லை. 30 ஆம்பியர் வண்டிக்கு மொத்தம் 3,600 வாட்தான். ஏர்கண்டிஷனர் 13 ஆம்பியர் இழுக்கும்போதே ஒருவர் மைக்ரோவேவையும் இன்னொருவர் 1,500 வாட் ஹேர் டிரையரையும் போட்டால் 30 ஆம்பியர் எங்கே போதும்?

கடிகாரம் எரிந்துகொண்டிருக்க, பிளக் பாயிண்டுகள் மட்டும் செத்துக் கிடந்தால் நேராக பாத்ரூமுக்குப் போங்கள். வாஷ்பேசின் பக்கத்துப் பிளக் பாயிண்டில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். அதற்கு ஜி.எஃப்.சி.ஐ. என்று பெயர். சமையல் மேடைப் பாயிண்ட் சாக பாத்ரூம் பொத்தான் எப்படிக் காரணமாகும்? சிக்கனம்தான். ஜி.எஃப்.சி.ஐ. சாதாரணப் பாயிண்டைவிட விலை கூடுதல். அதனால் வண்டி தயாரிப்பவர்கள் ஒன்றை மட்டும் பாத்ரூமில் வைத்து, அதன் பின்பக்கத்து ‘லோடு’ முனையிலிருந்து சமையல் மேடை, படுக்கை ஓரம், வெளியே நிழல்துணிக்குக் கீழே இருக்கும் பாயிண்ட் என எல்லாவற்றையும் தொடராக இழுத்துவிடுகிறார்கள். தலைவாசலில் ஒருவர் கதவைச் சாத்தினால் வீட்டில் எந்த அறைக்கும் ஆள் வர முடியாது, அந்தக் கதைதான். அமெரிக்கப் பாயிண்டுகளில் நம் ஊர்போலப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது என்பதால், எது ஆஃப் ஆகியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிவதும் இல்லை.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல். 1940-களில் அவர் தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். எந்த அளவுக்கு மேல் போனால் தசை இறுகிக் கம்பியை விடவே முடியாமல் போகிறது என்பதுதான் கேள்வி. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று விடை வந்தது. சராசரிக்கும் கீழே பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு அல்லவா? ஆகவே காப்புக் கருவி அதைவிடத் தாழ்ந்த அளவிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். 1961-ல் அவர் உருவாக்கிய கருவியின் வழிவந்த ஜி.எஃப்.சி.ஐ., இன்று 4-லிருந்து 6 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் போதும். அமெரிக்க மின்சார விதித்தொகுப்பு முதலில் 1968-ல் நீச்சல்குள விளக்குகளுக்கும், 1975-ல் வீட்டுக் குளியலறைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரு காந்த வளையத்தின் நடுவே சேர்ந்தே போகின்றன. போன மின்சாரம் முழுக்கத் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வளையத்தில் எதுவும் மிஞ்சாது. யாருடைய உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும். வளையத்தைச் சுற்றிய சுருளில் சிறு மின்னழுத்தம் பிறந்து தாழைத் தட்டிவிடும். நம் ஊர் வீடுகளில் மெயினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதே தத்துவம்தான். ஆனால் அது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியருக்கு அமைந்தது. இதயத் துடிப்பு தடம் புரளாமல் காப்பது அதன் நோக்கம். அமெரிக்கக்காரர்கள் கை இறுகுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். அதன் விலையாகச் சின்ன ஈரத்துக்கும் ஜி.எஃப்.சி.ஐ. டிரிப் ஆகும். ராத்திரி மழையில் வெளிப்பாயிண்டின் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலே போதும். ரீசெட் உடனே மறுபடி தட்டிக்கொண்டால், சொருகியிருப்பதையெல்லாம் உருவிவிட்டு, வெளிப்பாயிண்டைத் துடைத்துக் காயவிட்டு, பிறகு அழுத்திப் பாருங்கள்.

சில சமயம் ரீசெட் பொத்தான் அழுந்தவே அழுந்தாது. ‘கிளிக்’ சத்தமும் வராது. உடனே பொத்தான் பழுது என்று புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள், அதுவும் அழுந்துவதில்லை! இன்றைய ஜி.எஃப்.சி.ஐ.களுக்கு ரீசெட் ஆகவே உள்ளே மின்சாரம் வர வேண்டும். கரண்ட் வராத பாயிண்டில் அது பிடிவாதமாக நிற்பது இயல்பு. அதற்கு உரிய பிரேக்கரைப் பார்த்தபிறகு கடைக்குப் போகலாம்.

ஜி.எஃப்.சி.ஐ. நன்றாக இருந்து, ஒரே ஒரு பாயிண்டும் அதற்கு அடுத்தவையும் மட்டும் செத்திருந்தால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். ஆர்.வி. சுவர் மெல்லியது, வீட்டுச் சுவர்போலப் பெட்டி புதைக்க ஆழம் கிடையாது. அதனால் பாயிண்டும் பெட்டியும் ஒன்றேயான ஒருவகை பிளாஸ்டிக் சாதனத்தைப் பொருத்துகிறார்கள். அதில் திருகு இல்லை. கம்பியை உலோகப் பிளவுக்குள் அழுத்தும்போது அது மேலுறையைக் கிழித்துக்கொண்டு செம்பைக் கவ்விக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வண்டி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கான மைல் குலுங்கியபின் அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடேறும். பாயிண்டின் முகப்பு பழுப்பேறியோ இளகியோ இருந்தால் அதை அப்படியே பயன்படுத்துவது ஆபத்து. கேபிளைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டரையும் ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டுத்தான் அதைத் தொடலாம். இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பேட்டரியிலிருந்தே 120 வோல்ட் உண்டாக்கிச் சில பாயிண்டுகளுக்கு மட்டும் கொடுக்கும். கேபிள் கழன்ற வண்டியிலும் ஷாக் அடிக்கும்.

பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர் இணைப்பு. அதில் 120 வோல்ட் ஃபேஸ் இரண்டு. மொத்தம் 12,000 வாட். ஒரு ஃபேஸ் போனால் பாதி வண்டி மட்டும் சாகும். அதைவிட மோசம், இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது ஒரு பாதியில் வோல்டேஜ் சரிய, மறுபாதியில் 120-ஐத் தாண்டி ஏறும். மைக்ரோவேவ் முனகிக்கொண்டிருக்க டி.வி. புகையும். மெயினை உடனே இறக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் 30 ஆம்பியர் ஆர்.வி. பாயிண்ட் போடச் சொன்னால், துணி உலர்த்தும் எந்திரத்துக்கு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. சொருகிய சில நொடிகளில் கன்வெர்ட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போகும். மல்டிமீட்டரால் அளந்து, 120-ஐ ஒட்டி இருந்தால் மட்டுமே சொருகுங்கள்.

கடைசியாக, பிளக் பாயிண்டைவிடக் கவனிக்க வேண்டியது வண்டியின் உடம்பு. எர்த் கம்பி எங்காவது அறுந்து, உள்ளே ஏதாவது கசிந்தால், ரப்பர் டயர்மேல் நிற்கும் உலோகக்கூடு முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஏர்கண்டிஷனரோ வாட்டர் ஹீட்டரோ கசிந்தால் பாத்ரூம் பொத்தான் உதவாது. அவை பெரும்பாலும் அதன் வழியில் இல்லை. வெறுங்காலோடு ஈரப்புல்லில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவருக்குக் கூட்டில் ஏறிய மின்சாரம் ஷாக்காகத் தெரியும். தொடாமலே கண்டுபிடிக்கும் பேனா டெஸ்டரைக் கதவருகே கொண்டுபோங்கள். அது கத்தினால் வண்டியைத் தொடாமல், முகாம் மின்பெட்டியின் பிரேக்கரை இறக்கிவிட்டு, முகாம் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். புது இடத்திலும் கத்தினால் பழுது வண்டிக்குள் இருக்கிறது.