எந்த ஸ்பிட்ஃபயர்?

“இரண்டாம் உலகப் போர் ஸ்பிட்ஃபயர் மாடல் ஒண்ணு செய்யணும். எந்த கம்பெனி கிட் பெஸ்ட்?” என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அநேகமாகத் தப்பான பெட்டிதான் வீடு வந்து சேரும். அதனால் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: எந்த ஸ்பிட்ஃபயர்?

ஆர்.ஜே. மிட்செல் வடிவமைத்த இந்த விமானம் 1936 மார்ச் 5 அன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்லீயில் முதன்முதலாகப் பறந்தது. 1938-ல் விமானப்படையில் சேர்ந்தது. 1948 வரை தயாரிப்பு நடந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. இந்தப் பத்து வருஷத்தில் என்ஜின், இறக்கை, மூக்கு, வால் எல்லாமே மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ‘மார்க்’ என்று ஒரு எண் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைவிட, பக்கத்தில் சிறியதாக இருக்கும் இந்த மார்க் எண்தான் நமக்கு முக்கியம்.

1940 கோடையில் லண்டனுக்கு மேலே ஜெர்மானியர்களோடு மோதிய விமானம்தான் மனதில் இருக்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது மார்க் 1. ஜெர்மானியர்களின் ஃபோக்கவுல்ஃப் 190 போர்விமானம் வந்து பிரிட்டிஷ்காரர்களைத் திணறடித்தபோது, அதற்குப் பதிலடியாக 1942-ல் களமிறங்கியது மார்க் 9. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். மார்க் 1-ல் மூக்கின் ஒவ்வொரு பக்கமும் மூன்று புகைக்குழாய், முன்னால் மூன்று இதழ் ப்ரொப்பெல்லர். மார்க் 9-ல் பக்கத்துக்கு ஆறு குழாய், நான்கு இதழ், மூக்கும் கொஞ்சம் நீளம். கவிழ்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. மார்க் 1-ன் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர் பெட்டியும், இடதில் சின்னதாக ஆயில் கூலரும் இருக்கும். மார்க் 9-ல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டிகள், ஏனென்றால் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் கொண்ட மெர்லின் 61 வகை என்ஜினுக்குக் குளிரூட்டல் அதிகம் தேவைப்பட்டது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இனி அடிவயிற்றைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஸ்கேல். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72 ஸ்கேலில் அது பதினைந்தரை சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையை விரித்தால் அதன் மேல் உட்காரும். 1/48-ல் 23 சென்டிமீட்டரைத் தாண்டும். 1/32-ல் 35, 1/24-ல் கிட்டத்தட்ட 47. பெரியதாக இருந்தால் செய்வது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பாகம் கையில் பிடிக்கச் சுலபம், அவ்வளவுதான். ஸ்கேல் ஏற ஏறப் பாகங்களின் எண்ணிக்கையும், கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் விலையும், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் மறைக்க வேண்டிய ஒட்டுத் தையலின் நீளமும் ஏறும். என் கணக்கில் ஸ்பிட்ஃபயருக்குப் பொருத்தமான ஸ்கேல் 1/48. விமானி அறைக்குள் இருக்கும் கருவிப் பலகை கண்ணுக்குத் தெரியும். மேஜையையும் முழுசாக அடைக்காது.

இப்போது பெட்டிக்குள் போவோம். கிட் என்பது எஃகு அச்சில் உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. அச்சு செய்வதுதான் பெரிய செலவு. ஒருமுறை செய்துவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு அதையே ஓட்டுவார்கள். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1953-ல் போட்ட முதல் விமானக் கிட்டே ஸ்பிட்ஃபயர்தான். அதற்குப் பிறகு அதே நிறுவனம் அதே விமானத்தைப் பல தடவை புது அச்சில் வார்த்திருக்கிறது. ஆகவே, ஒரே பெயர், ஒரே விமானம், பளபளப்பான புதுப் பெட்டி என்பதால் உள்ளே இருப்பதும் புதியது என்று அர்த்தமில்லை. ஒரு நிறுவனத்தின் அச்சில் வந்த பாகங்களை இன்னொரு நிறுவனம் தன் பெட்டியில் போட்டு விற்பதும் இந்தத் தொழிலில் சகஜம். அச்சு எந்த வருஷத்தது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத்தளத்தில் கிட்டின் எண்ணைக் கொடுத்தால் அதன் பூர்வீகம் முழுவதும் வந்துவிடும்.

பழைய அச்சை நேரில் அடையாளம் காண்பதும் கஷ்டமில்லை. பாகங்கள் கோர்த்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தகடுகள் சேரும் கோடுகள் மேடாக இருந்தால் பெரும்பாலும் பழசு. பள்ளமாகச் செதுக்கியிருந்தால் பிற்காலத்தது. பாகத்தின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கொழுக்கட்டை அச்சு சரியாக மூடாவிட்டால் விளிம்பில் மாவு பிதுங்கும் அல்லவா, அதேதான், அச்சு தேய்ந்துவிட்டது. கடைசியாக இறக்கையின் பின்விளிம்பு. நிஜத்தில் அது கத்தி மாதிரி மெல்லியது. கிட்டில் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும்போது அது தடித்துப்போனால் மாடல் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

பள்ளக் கோடு என்றாலே உசத்தி என்றும் இல்லை. 1/72 ஸ்கேலில் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிஜ விமானத்தில் அது 14 மில்லிமீட்டர் இடைவெளி! விரல் நுழையும் ஓட்டையோடு எந்த விமானமும் பறந்ததில்லை. ஏர்ஃபிக்ஸின் புதிய 1/72 மார்க் 1 மேல் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் இந்தக் கோடுகள்தான். மற்றபடி வடிவம் சரி, பாகங்கள் குறைவு, விலையும் கடிக்காது. பெயின்ட், பிரஷ், பசை எல்லாம் சேர்ந்த ஸ்டார்ட்டர் செட்டாகவும் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கிட்டை எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும். ஒன்று, வடிவம் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா. மற்றது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா. இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வருவது நெடுநாள் அரிதாகவே இருந்தது. ஜப்பானின் டமியா தொண்ணூறுகளில் போட்ட 1/48 மார்க் 1, சொன்னபடி கேட்கும் கிட். ஆனால் இறக்கையின் வடிவத்தைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஹாசெகாவாவின் 1/48 மார்க் 9 அழகாகச் சேரும். உடல் மட்டும் நீளம் குறைவு. உக்ரைனின் ஐசிஎம் மார்க் 9 வடிவத்தில் கெட்டி, சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். ஸ்பிட்ஃபயரின் அழகே அந்த நீள்வட்ட இறக்கையில்தான் இருக்கிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம் ஒரு நெளிவு உண்டு. பழைய கிட்டுகள் பலவும் சறுக்கியது அங்கேதான்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் என்று இப்போது இரண்டு பேரைச் சொல்லலாம். டமியா 2018-ல் முழுக்கப் புதிய அச்சில் 1/48 மார்க் 1-ஐ வெளியிட்டது. செக் நாட்டின் எடுவார்ட் 2013-ல் 1/48 மார்க் 9-ஐயும், 2020-ல் மார்க் 1-ஐயும் கொண்டுவந்தது. மார்க் 1 வேண்டும் என்று வருகிறவருக்கு இந்த இரண்டில் எது என்பதுதான் நிஜமான கேள்வி.

எடுவார்டில் விவரம் அதிகம். இறக்கையும் உடலும் முழுக்க ஆணி வரிசைகள். ப்ரோஃபிபேக் பெட்டி வாங்கினால் வண்ணம் அச்சிட்ட மெல்லிய உலோகப் பாகங்களும், கேனோபிக்கு, அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு, வெட்டி வைத்த மாஸ்க்குகளும், பல விமானங்களின் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட டீக்கால்களும் கிடைக்கும். வீக்எண்ட் என்ற பெயரில் வரும் பெட்டியில் அதே பிளாஸ்டிக், துணைச் சரக்கு குறைவு, விலையும் குறைவு. ஆனால் விமானி அறையை மட்டும் கட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. அத்தனை சின்னச் சின்னத் துண்டுகள். ட்வீசரிலிருந்து ஒன்று தெறித்தால் தரையில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான்.

டமியாவில் அந்த அளவு விவரம் இல்லை. இருக்கிற விவரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பசை போடுவதற்கு முன்னால் இறக்கையை உடலோடு சும்மா சேர்த்துப் பாருங்கள்: ‘டக்’ என்று உட்கார்ந்து, சேருமிடம் ஒரு தகட்டுக் கோடு போலவே நிற்கும். புட்டி டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்காது. எச்சரிக்கை ஒன்றுதான்: சேரும் முகங்களில் பெயின்ட் படிந்திருந்தால் சுரண்டிவிடுங்கள். அந்த மெல்லிய படலமே இந்தக் கிட்டில் இடைவெளியை உண்டாக்கப் போதும்.

என் ஓட்டு டமியாவுக்கு. எடுவார்ட் மட்டமில்லை, மார்க் 9 செய்வதென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுவார்ட்தான் என்பேன். ஆனால் தொடங்கிய கிட்டை முடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் ஆகக் கஷ்டமான வேலை. பரணில் பாதியில் நிற்கும் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டமியா உங்களை முடிக்க வைக்கும்.

வாங்கும்போது பலர் மயங்குகிற ஒரு சமாசாரம், இறக்கையின் பின்பக்க மடலான ஃபிளாப்பைக் கீழே இறக்கி வைக்கும் வசதி. அதற்கென்று தனி உலோகப் பாகங்கள்கூட விற்கிறார்கள். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புக்கு முழுக்க மேலே, முழுக்கக் கீழே என்று இரண்டே நிலை. தரையிறங்கியதும் விமானி அதை மேலே ஏற்றிவிடுவார். இறக்கிவிட்டு நிறுத்தி வைப்பது வழக்கமில்லை. அந்தக் காசைக் கேனோபியில் போடுங்கள். கண்ணாடி மெல்லியதாக, நகரும் பகுதி தனித்துண்டாக இருக்கும் கிட்டையே தேர்ந்தெடுங்கள். ஒரே துண்டாக வார்த்ததைத் திறந்து காட்ட முடியாது. ஒட்டும்போது சூப்பர் க்ளூவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடியில் வெள்ளைப் புகை படிந்துவிடும். ஃபெவிகால் போதும்.

டீக்காலைப் பற்றி ஒரு வார்த்தை. 1940-ல் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த 234-ஆம் ஸ்குவாட்ரனும் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 ஓட்டியதுதான். விமானத்தின் பக்கவாட்டில் ஏ, இசட் என்ற எழுத்துகள் இருக்கும். நம் ஊர்ப்பக்கம் திரட்டிய போர் நிதியின் பேரில் அதற்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஸ்குவாட்ரன் என்ற பெயரும் சேர்ந்தது. கிட்டோடு வரும் டீக்காலில் அது இல்லாவிட்டால் தனியாக விற்கும் தாள்களில் தேடிப் பார்க்கலாம்.

பெரிய அளவுக்காரர்களுக்குச் சுருக்கமாக. 1/32-ல் டமியாவின் 2009 மார்க் 9-ல் மெர்லின் என்ஜின் முழுசாக உள்ளே இருக்கும். மூடும் தகடுகளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். காசு இருந்தால் வாங்கலாம். மார்க் 1 வேண்டுமென்றால் நியூசிலாந்தின் கொட்டாரே 2022-ல் போட்ட கிட்டுக்கு நிகரில்லை. மலிவாக வேண்டுமானால் ரெவெல், கொஞ்சம் உப்புத்தாள் தேய்க்கத் தயாராக இருங்கள். ஏர்ஃபிக்ஸின் 1/24 மார்க் 9, 2022-ல் வந்தது. அதற்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் வீட்டு அலமாரியின் ஆழத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 47 சென்டிமீட்டர் இறக்கை சாதாரணப் புத்தக அலமாரியில் நேராக நிற்காது.