அடுக்குக் கட்டிலும் ஐந்து கடைகளும்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அடுக்குக் கட்டில் செய்துகொள்ள நினைப்பவர் ஐந்து கடை ஏறி இறங்குகிறார். மரக்கடையில் மரம், ஹார்டுவேர்ஸில் போல்ட்டு, மெத்தைக் கடையில் மெத்தை, பெயிண்ட் கடையில் வர்ணம், எலக்ட்ரிகல் கடையில் மின்விசிறி. ஆசாரி தம் வேலையைச் செய்கிறார். நாம் நம் சரக்கை விற்கிறோம். கட்டிலையும் அதில் படுக்கும் பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்? ஒவ்வொரு கடைக்காரரும் “எதற்காக வாங்குகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டால், பெரும் விபத்தைத் தடுக்கலாம்.

நமது புதுச்சேரியில் பாகம் பிரிந்து அறைகள் சிறுத்த பழைய வீடுகளும் உண்டு. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை என்றால் அடுக்குக் கட்டில் வசதியானதே. ஆனால் மேல்தட்டு ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மரக்கடை

ஈர மரம் காய்ந்து சுருங்கினால் மூட்டு ஆடத் தொடங்கும். ஆகவே நன்கு உலர்ந்த, வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை போன்ற மரத்தையே கொடுங்கள். கால்கள் 3க்கு 3 அங்குலம், நீளச் சட்டங்கள் 5க்கு 1½ அங்குலம் இருந்தால் உறுதி. சட்டத்தின் நடுவில் பெரிய கணு இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மேல்தட்டைச் சுற்றித் தடுப்புச் சட்டம் போடவும் மரம் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். சுவரோரம் தடுப்பு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் பிள்ளை சிக்கிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தடுப்பில் விடும் இடைவெளியும் முக்கியம். பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். இத்தகைய மரணங்களைத் தடுக்க அமெரிக்க அரசு 1999இல் ஒரு விதி வெளியிட்டது. இடைவெளி 3½ அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய அம்சம். நமக்கும் இது நல்ல அளவே.

ஹார்டுவேர்ஸ் கடை

பிள்ளைகள் ஏறி இறங்கும் ஆட்டத்தில் ஆணி மெல்லக் கழன்றுவிடும். நீளச் சட்டம் காலோடு சேரும் ஒவ்வொரு மூட்டுக்கும் வாஷருடன் இரண்டு போல்ட்டு வேண்டும். கடற்காற்றில் சாதா இரும்பு துருப்பிடிக்கும். கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொடுங்கள். ஆண்டுக்கு இரு முறை முடுக்கிவிடச் சொல்லுங்கள். ஏணியையும் கட்டிலோடு போல்ட்டு போட்டே பொருத்த வேண்டும். சாய்த்து வைக்கும் ஏணி சறுக்கும்.

மெத்தைக் கடை

மெத்தை தடித்தால் தடுப்பு தாழ்ந்துவிடும். மெத்தைக்கு மேல் தடுப்பு குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும் என்கிறது அதே விதி. பலகையிலிருந்து தடுப்பின் உயரம் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குல மெத்தை போட்டால் 6 அங்குலம் மிஞ்சும். 6 அங்குல மெத்தை போட்டால் 4 அங்குலமே மிஞ்சும். விலை கூடிய தடித்த மெத்தையை விற்கும் முன் தடுப்பின் அளவைக் கேளுங்கள்.

பெயிண்ட் கடை

சிறு பிள்ளைகள் சட்டத்தைக் கடிப்பதுண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து விற்போம். பழைய சரக்கைத் தள்ளிவிட இது இடமல்ல.

எலக்ட்ரிகல் கடை

நம் ஊருக்கே உரிய ஆபத்து கூரை மின்விசிறி. 10க்கு 10 அடி அறையில் நடுவில் 48 அங்குல விசிறி சுழன்றால் இறக்கை நுனி நடுவிலிருந்து 2 அடி எட்டும். சுவரோரம் போட்ட 3 அடி அகலக் கட்டிலின் விளிம்பும் நடுவிலிருந்து அதே 2 அடியில்தான் இருக்கும்! மேல்தட்டில் 4 அடிப் பிள்ளை எழுந்து நின்றால் தலை தரையிலிருந்து 9 அடி உயரத்துக்குப் போகும். கை அதற்கும் மேலே. பழைய வீடுகளில் கூரை உயரம் என்று நிம்மதி கொள்ள முடியாது. நீண்ட தண்டில் விசிறி தாழத்தான் தொங்கும். எனவே அந்த அறைக்குக் கைக்கு எட்டாத இடத்தில் சுவர் விசிறியே ஏற்றது. அதற்கும் வசதியில்லை என்றால் அடுக்குக் கட்டில் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இறுதியாக, ஐந்து கடைகளும் சொல்ல வேண்டியவை இரண்டு. 6 வயது நிரம்பாத பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது. கட்டில் காலிலோ தடுப்பிலோ கயிறு, துப்பட்டா, சேலைத் தூளி எதுவும் கட்டக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டி வைப்போம். கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். பொருளோடு நல்ல யோசனையும் கொடுத்தனுப்பும் கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.