முதலில் தெரு, பிறகு வீடு

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, சங்கரன்கோவில் அதன் இரண்டு வருவாய்க் கோட்டங்களில் ஒன்றானது. வருவாய்த்துறை, வங்கி, நீதிமன்றம், பள்ளிக்கூடம், மின்வாரியம் என்று ஏதோ ஒரு மாற்றல் உத்தரவோடு, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக இங்கே வந்து இறங்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தரகர் காட்டும் மூன்று வீடுகளில் எது வெளிச்சமாக இருக்கிறதோ அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கிறார்கள். வீடு நன்றாகத்தான் இருக்கும். குடியேறிய பிறகுதான் தெரு பிள்ளைக்கு ஆகாது என்று தெரியவரும். பெரியவர்கள் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை பகல் முழுக்க அந்தத் தெருவில்தான் இருக்கப்போகிறது. ஆகவே தெருவை முதலில் முடிவுசெய்துவிட்டு, வீட்டை அதற்குள் தேட வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்வதிலிருந்து தொடங்குங்கள். நடுவில் சங்கரநாராயணர் கோவில். சுற்றிலும் நான்கு ரத வீதிகள், அவற்றை ஒட்டிக் கடைத்தெருவும் பழைய குடியிருப்புகளும். அங்கிருந்து ராஜபாளையம், திருநெல்வேலி, கழுகுமலை, புளியங்குடி என்று சாலைகள் பிரிகின்றன. அந்தச் சாலைகளின் இருபுறமும் ‘நகர்’ என்று முடியும் பெயர்களோடு புது மனைப்பிரிவுகள். உள்ளே இருந்தால் எல்லாம் நடக்கும் தூரம். ஆனால் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் தபசு முடியும்வரை வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவருவதே பாடு. வெளியே போனால் காற்றும் இடமும் உண்டு. ஒரு பால் பாக்கெட்டுக்கும் இருசக்கர வாகனத்தை எடுக்க வேண்டியிருக்கும். இரண்டில் எது என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். இரண்டு புள்ளிகளை மட்டும் குறியுங்கள்: பிள்ளை போகப்போகும் பள்ளி அல்லது அங்கன்வாடி, இரவில் ஓட வேண்டிய மருத்துவமனை. இந்த இரண்டுக்கும் எளிதாகப் போய்வர முடிகிற பகுதிகளில்தான் தேடல்.

பள்ளியை முதலில் வைப்பதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பதைப் பார்க்கிறார்கள். தகுதியுள்ள குடும்பம் பள்ளியைப் பார்க்காமல் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வீடு பிடித்துவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும். அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதென்றால் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு கிடைக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஏழரை மணி அவசரத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வேனில் அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் அந்த வேன் பிள்ளைகளை இறக்கிவிடும் இடத்தில் போய் நின்று பாருங்கள். 2012-இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர் உள்ளே இருக்கிறாரா, அவர் இறங்கிப் பிள்ளையைக் கைப்பிடித்துச் சாலையைக் கடத்துகிறாரா என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். என்னைக் கேட்டால், எல்.கே.ஜி. பிள்ளைக்கு வேனே வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் இருக்கிற சுமாரான பள்ளி, முக்கால் மணி நேரம் வேனில் போகிற பேர்பெற்ற பள்ளியைவிட அந்த வயதுக்கு நல்லது.

அடுத்தது மருத்துவமனை. அரசு மருத்துவமனை ஊருக்குள் இருக்கிறது. சிக்கலான நேரங்களில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 50 கிலோமீட்டருக்கும் மேல். பார்க்கிற வீட்டிலிருந்து ரயில்வே கேட் எதையும் கடக்காமல் மருத்துவமனைக்குப் போக முடியுமா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது தெருவுக்குள் இறங்கலாம். ஒரே நாளில் ஒருமுறை பார்த்தால் போதாது. காலை எட்டு மணி, மதியம் இரண்டு மணி, விளக்கு வைக்கும் நேரம், இரவு பத்து மணி என்று நான்கு பொழுதிலும் அதே தெருவில் நடந்து பார்க்க வேண்டும். சங்கரன்கோவிலுக்கு இது மிகவும் பொருந்தும். இது விசைத்தறி ஊர். சேலையும் துண்டும் நெய்கிற தறிகள் வீடுகளை ஒட்டியே ஓடுகின்றன. ஞாயிறு மதியம் அமைதியாக இருக்கும் தெரு, திங்கள் இரவு தறிச் சத்தத்தில் அதிரும். இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார்கள்; அது நின்றால் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. புதிதாக வரும் கைக்குழந்தைக்கு அது பழகச் சில வாரங்கள் ஆகலாம். சத்தத்தைவிடப் பஞ்சுத் தூசிதான் கவனிக்க வேண்டியது. வீசிங் இருக்கும் பிள்ளை என்றால், பக்கத்து வீட்டில் தறி இருக்கிறதா, அதன் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சன்னல் கம்பியை விரலால் வழித்தால் வெள்ளையாக ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். அந்தத் தறிதான் பக்கத்து வீட்டாருக்குச் சோறு. குடியேறிவிட்டு அதைப் பற்றிப் புகார் சொல்வது நியாயமில்லை. முதலிலேயே பார்த்துத் தள்ளிப் போய்விடுவதுதான் முறை.

புறநகர்ப் பக்கம் போனால் பார்க்க வேண்டியது மண். ஊருக்குக் கிழக்கிலும் வடக்கிலும் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலைப் பிடித்து இழுக்கும். மேற்கு மலையின் மழை மறைவில் இருப்பதால் ஆனி, ஆடியில் இங்கே காற்றுதான் அதிகம், மழை குறைவு, புழுதி பறக்கும். மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். மாற்றல் உத்தரவோ மே மாதத்தில் வருகிறது. காய்ந்து கிடக்கும்போது பார்த்த தார் போடாத தெரு, ஐப்பசியில் பிள்ளையின் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்து, கறுத்த கோடு ஒன்று ஓடும். வீட்டுக்காரர் சொல்லாததை அந்தக் கோடு சொல்லிவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். குழாயடியில் நிற்கிற பெண்களிடம் கேட்பதுதான் சரியான வழி. “அக்கா, தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது?” என்று ஆரம்பித்தால் போதும். “குடிக்கிற தண்ணி வேற, பொழங்குற தண்ணி வேற தாயி. ஆத்துத் தண்ணி வர்றப்ப புடிச்சு வச்சுக்கிடணும். போர்த் தண்ணில சோப்பு நுரைக்காது” என்று விவரம் கொட்டும். தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் சேமித்து வைக்கிறார்கள்: நிலத்தடித் தொட்டி, மாடியில் சின்டெக்ஸ், முற்றத்தில் டிரம், அடுப்படியில் குடங்கள். இந்தச் சேமிப்பில்தான் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று டெங்கு. ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, மூடாத நல்ல தண்ணீரில் இடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் வீட்டு டிரம்மை மூடி என்ன பயன், பக்கத்து வீட்டு டிரம் திறந்திருந்தால்? ஆகவே பக்கத்து வீடுகளையும் பாருங்கள். இன்னொன்று அந்தத் தொட்டியே. வீடு பார்க்கப் போகும்போது நிலத்தடித் தொட்டியின் மூடியைக் காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், ஆடினால், தகரமாக இருந்தால், பூட்டோடு கூடிய இரும்பு மூடி போட்டுத் தந்த பிறகுதான் வருவோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். முழங்கால் உயரத் தண்ணீரே தவழும் பிள்ளைக்குப் போதும். மாடிக் கைப்பிடிச் சுவர், படிக்கட்டின் கம்பி இடைவெளி, சுவிட்சுப் பெட்டியின் உயரம் எல்லாவற்றையும் அதே கையோடு குனிந்து, பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து பாருங்கள்.

பிறகு வீட்டை விட்டு வெளியே வந்து சுற்றிலும் நடங்கள். புது மனைப்பிரிவுகள் பெரும்பாலும் நேற்றுவரை தோட்டமாகவும் புஞ்சையாகவும் இருந்த இடங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, கைவிட்ட ஆழ்துளைக் கிணறு, அஸ்திவாரத்துக்குத் தோண்டி நிற்கும் குழி எதுவும் இருக்கலாம். இந்த ஊர் அந்த ஆபத்தை நேரில் கண்டது. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் குத்தாலபேரியில் மூன்று வயதுப் பையன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். மதுரை மணிகண்டன் தான் உருவாக்கிய ரோபோ கருவியோடு வந்து அவனை உயிரோடு மேலே கொண்டுவந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமைவதில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த பிள்ளையை உயிரோடு மீட்க முடியாமல் போனது தமிழ்நாட்டுக்கே தெரியும். கைவிட்ட துளைகளை அடிவரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. எனவே நிலத்தின் நடுவே பி.வி.சி. குழாய் ஒன்று மூடியின்றி நீட்டிக்கொண்டு நின்றால் படம் எடுத்து நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். அங்கே குடியேறுகிறீர்களோ இல்லையோ, எழுதிக் கொடுங்கள்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் தெருவைப் பற்றிச் சொன்னதாகாது. மாலை ஐந்து மணிக்குத் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? பெண்பிள்ளைகளும் விளையாடுகிறார்களா? திண்ணையில் ஒரு ஆச்சியாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இந்த மூன்றும் இருக்கும் தெருவில் வாடகை ஐந்நூறு கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம். வீடு கேட்டுப் போனால் “நீங்க என்ன ஆளுக?” என்ற கேள்வி வரும். தென்மாவட்டங்களில் தெருக்கள் சாதியாகப் பிரிந்து கிடப்பது ஊரறிந்த விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தக் கயிற்றைப் பிள்ளை முதலில் பார்ப்பது தெருவில்தான். “என்ன ஆளுக?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்கிற வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பல மனிதர்களும் கலந்திருக்கிற தெருவைத் தேடுங்கள். அலுவலர்களும் கடைக்காரர்களும் தறிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தெருக்கள் இந்த ஊரில் இருக்கின்றன. பிள்ளைக்காக எடுக்கும் முடிவுகளில் இதைவிடப் பெரியதாக எனக்கு வேறொன்று தெரியவில்லை.

தெரு முடிவானால் வீட்டு ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள், பெரிய தொகை கைமாறுவதால், முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. வீட்டின் மேல் பதிவான அடமானம் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

மனை வாங்கிக் கட்டும் எண்ணம் இருந்தாலும் முதல் வருடம் வாடகையில் இருங்கள். ஒரு ஆடிக் காற்றையும் ஒரு கார்த்திகை மழையையும் அந்தப் பகுதியில் பார்த்துவிட்டுப் பணத்தை இறக்குங்கள். வாங்கும்போது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தேடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தோடு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். கருவேலம் மண்டிக் கிடந்தால் பரவாயில்லை, நாலு குடும்பம் சேர்ந்தால் வெட்டிவிடலாம். யாரோ கல் ஊன்றி வேலி போட்டிருந்தால் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்று அர்த்தம். ஒப்புதல் இல்லாத மனை விலை மலிவாக வரும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளைத்தான் வரன்முறைப்படுத்தும் விதிகள் ஏற்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

சாமான் இறக்கிய முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியவை சில. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி எட்டாம் வகுப்புவரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பழைய பள்ளியில் பிள்ளைக்குத் தந்த எமிஸ் (மாணவர் அடையாள) எண் கையில் இருந்தால் வேலை சுலபம். ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தாய்-சேய் நல அட்டையை மூட்டையில் கட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள். பகுதிச் சுகாதாரச் செவிலியரைப் பார்த்துப் பிள்ளையின் பெயரை அவர் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு டி.பி.டி. ஊக்க ஊசி இரண்டும் வீடு மாறும் குழப்பத்தில் தவறிப்போகக் கூடியவை. தடுப்பூசி நாள் புதன்கிழமை. அந்த முதல் புதனன்று வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.