கேட்ட கேள்விக்கு வேகமாகப் பதில் தரும் டேட்டாபேஸ்

கடையில் பில் போடும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு விற்பனையையும் டேட்டாபேஸில் பதிவு செய்கிறது. பில் எண், தேதி, பொருள், எண்ணிக்கை, விலை என எல்லா விவரங்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து எழுதப்படும். பில் எண்ணைக் கொடுத்தால் அந்த பில் உடனே திரைக்கு வந்துவிடும். ஆனால், "சென்ற ஆண்டு எந்த மாதத்தில் எந்தப் பொருள் அதிகம் விற்றது?" என்று கேட்டால் தாமதமாகும். ஏன் தெரியுமா?

ஒரு டேபிளில் 20 காலங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்விக்குத் தேதி, பொருள், எண்ணிக்கை ஆகிய 3 காலங்கள் போதும். வரிசையாக எழுதியிருப்பதால் மற்ற 17 காலங்களையும் சேர்த்தே டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வுதான் ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியே சேமிக்கும் முறை. தேவையான காலத்தை மட்டும் படித்தால் போதும். ஒரே மாதிரியான தகவல்கள் அருகருகே இருப்பதால் அவற்றை நன்றாகச் சுருக்கியும் வைக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் தனது எஸ்.க்யூ.எல். சர்வர் 2012 பதிப்பில் காலம்ஸ்டோர் இண்டெக்ஸ் என்ற பெயரில் இந்த வசதியைச் சேர்த்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் சிபாரிசு செய்வது டக்டிபி என்ற இலவச சாஃப்ட்வேர். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையத்தில் உருவாகி 2019-ல் வெளிவந்தது, 2024-ல் 1.0 பதிப்பு வந்தது. இதற்குத் தனியாக சர்வர் தேவையில்லை. எக்ஸெலில் உள்ள கணக்கை சி.எஸ்.வி. பைலாக சேமித்து, அந்த பைலின் பெயரை எஸ்.க்யூ.எல். கட்டளையில் கொடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நண்பர் ஒருவரின் கடைக் கணக்கை இதில் போட்டுப் பார்த்தேன். பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. ஆனால் பில் போட்டவர்கள் சில நாள் "சர்க்கரை" என்றும் சில நாள் "சீனி" என்றும் டைப் செய்திருந்ததால், ஒரே பொருளின் விற்பனை இரண்டாகப் பிரிந்து குறைவாகத் தெரிந்தது. அதை நம்பிச் சரக்கு எடுத்திருந்தால் மாதக் கடைசியில் சர்க்கரை இருந்திருக்காது.

எனவே பில் போட வழக்கமான சாஃப்ட்வேரையே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் ஒரு காப்பியை எடுத்து, முதலில் அதிலுள்ள பொருள்களின் பெயர்களை ஒரே மாதிரி திருத்துங்கள். அதன்பின் கேள்வி கேளுங்கள்.