மகள் பனியில் கார் ஓட்டுகிறாள்!

"செம்மங்குப்பத்துல உட்கார்ந்துக்கிட்டு பனிக்கால டயரைப் பத்தி எழுத உங்களுக்கு என்ன வந்துச்சு அண்ணி?" என்று என் நாத்தனார் சிரிக்கிறாள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மார்கழிக் குளிர் என்றால் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைகிற அளவுதான். ஆருத்ரா தரிசனத்துக்கு விடியற்காலையில் சிதம்பரம் கிளம்பினால் ஒரு சால்வை போதும்.

ஆனால் என் மகள் இருப்பது கனடாவில், டொரண்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. காலை ஆறரைக்கெல்லாம், வெளிச்சம் வருவதற்கு முன்பே, மூன்று வயதுப் பேரனைப் பின்சீட்டில் கட்டி உட்கார வைத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அப்படியே வேலைக்குப் போக வேண்டும். கார் ஓட்டுவது அவளேதான். இன்றைக்குக் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் எத்தனை வீட்டில் மகளோ மருமகளோ இப்படிக் குளிர் நாட்டில் இருக்கிறார்கள்! "சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று போனில் கேட்கிற நாம், "டயர் மாத்தினியா?" என்று கேட்பதில்லை. கேட்கத் தெரியாது என்பதுதான் உண்மை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

2025 ஜூலை 8-ந் தேதி எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அன்றிலிருந்து வீட்டை விட்டுப் பிள்ளை வண்டியில் கிளம்பினால், போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு வாயில் சோறு இறங்குவதில்லை. அந்த மனசோடுதான் அந்த அக்டோபர் கடைசியில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

கார் நிற்கவில்லை!

நவம்பரில் ஒரு காலை. இரவு கொஞ்சம்போலப் பனி பெய்திருந்தது. பார்க்க அழகுதான், முற்றம் முழுக்க அரிசி மாவு சலித்துக் கொட்டின மாதிரி. பேரனுக்குத் துணையாக நானும் காரில் ஏறினேன். மெதுவாகத்தான் ஓட்டினாள். முச்சந்தியில் 'நில்' பலகை. பிரேக் போட்டாள். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை! பாசி படிந்த குளத்துப் படியில் கால் வழுக்குமே, அந்த மாதிரி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டே போய் நடுத்தெருவில் நின்றது. நல்லவேளை, குறுக்கே எந்த வண்டியும் வரவில்லை. பேரன் "இன்னொரு தடவை!" என்று கை தட்டினான். மகள் முகத்தில் ரத்தமே இல்லை.

சாயந்திரம் மாப்பிள்ளையிடம் பேச்செடுத்தேன். அவர் நல்ல மனிதர். கொஞ்சம் கணக்குப் பார்ப்பவர், அவ்வளவுதான்.

"நம்ம கார்ல இருக்கறது எல்லா சீசனுக்குமான டயர் அத்தை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேற. தனியா டயர் எதுக்கு?"

எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது. நாலு டயர் விலையைக் கேட்டு, மனசுக்குள் அறுபது சொச்சத்தால் பெருக்கிப் பார்த்த எந்த அம்மாவுக்கும் அப்படித்தான் படும். ஆனால் மகள் மட்டும் பிடிவாதமாக, "சனிக்கிழமை கடைக்குப் போறோம்மா" என்றாள்.

தேங்காய் எண்ணெய்க் கணக்கு

டயர் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம்ம பாஷையில் சொல்கிறேன்.

நம் தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாகிறது, நல்லெண்ணெய் ஆவதில்லை அல்லவா? ரப்பரிலும் அப்படி இரண்டு ஜாதி. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொள்ளும். விறைத்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. ஆகையால் தரையில் பனி இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. பனியே இல்லாத வெறும் குளிர் நாளிலும் பிடிப்பு குறையும். பனிக்கால டயருக்குச் சேர்க்கிற கலவையே வேறு. பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் மிருதுவாக இருக்கும்.

இரண்டாவது, பட்டன். நம்ம ஊர் பஞ்சர் கடையில் "பட்டன் தேஞ்சு போச்சு" என்பார்களே, அதுதான். பனிக்கால டயரில் பட்டன் ஆழமாக இருக்கும். ஒவ்வொரு பட்டன் மேலும், வறுக்கிற மீனுக்குக் கீறல் போடுவது போல நெருக்கமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். ரோட்டை அழுத்தும்போது அந்தக் கீறல்கள் விரிந்து, நூறு விளிம்பு, நூறு நகம் மாதிரி பிடிக்கும். பள்ளங்களுக்குள் பனி அடைத்துக்கொண்டால் நல்லதாம்! ஈர மாவு ஈர மாவோடு ஒட்டுவது போல, பனி பனியைப் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மைனஸ் 20 டிகிரியில் இருக்கிற பனிக்கட்டியை விட, பூஜ்யத்தை ஒட்டிய நாளின் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்குமாம். மேலே மெல்லிசாகத் தண்ணீர்ப் படலம் இருக்கிறதல்லவா! கறுப்பு ரோடு ஈரமாக இருப்பது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். பாலங்கள் முதலில் உறையும், மேலேயும் கீழேயும் காற்று அடிப்பதால்.

"அப்ப நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி?" என்று மாப்பிள்ளை விடவில்லை.

"தம்பி, அது கிளம்புறதுக்குத்தான் உதவும். நிப்பாட்டுறதுக்கு உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலதானே?" என்றார் கடைக்காரர். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

டயரின் பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்க வேண்டும்: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அதைப் போடலாம். 'எம்' கூட்டல் 'எஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம். ஆனால் பட்டன் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பவரே போட்டுக்கொள்வது. சோதனை கட்டாயமில்லை. மாப்பிள்ளையின் காரில் இருந்தது அதுதான்!

இதற்கு நடுவே இன்னொரு ரகம், 'ஆல் வெதர்' என்று. 'ஆல் சீசன்' வேறு, 'ஆல் வெதர்' வேறு. பேரில் மயங்க வேண்டாம். இதில் மலை முத்திரை இருக்கும், வருஷம் முழுக்கக் கழற்ற வேண்டாம். இரண்டு செட் டயர் வைக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு, அதிகம் பனி கொட்டாத ஊருக்கு இது போதும். தினமும் விடியுமுன் ஓட்டுகிறவளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்கையும் மாற்ற வேண்டும். காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் போடலாமா என்று கேட்டது நான்தான்! "ஐயோ அம்மா, அப்பிடிச் செய்யாதேங்கோ. முன் சக்கரம் பிடிக்கும், பின் பக்கம் சறுக்கிச் சுத்திப் போடும்" என்றார். உண்மையில் ஒன்றும் மாற்றாததை விட அது மோசமாகலாம்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்கவும். 3624 என்றிருந்தால் 2024-ம் வருஷம் 36-வது வாரம் தயாரித்தது என்று அர்த்தம். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் பனி ரோட்டுக்கு ஆகாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிட வேண்டும். ஆணி பதித்த டயரும் உண்டு. ஆனால் அது ஒன்டாரியோ மாநிலத்தின் வடபகுதியில் மட்டும் அனுமதி, டொரண்டோவில் கூடாது.

செலவு? தனி இரும்பு ரிம்மோடு ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. பொய் சொல்வானேன், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ரிம்மோடு வாங்கினால் வருஷம் இரண்டு தடவை டயரைப் பிரித்து மாட்டுகிற கூலி மிச்சம். பனிக்கால டயர் ஓடும்போது மற்ற செட் ஓய்வெடுக்கிறது. இரண்டு செட்டுமே கூடுதல் வருஷம் வரும். ஒன்டாரியோவில் 2016-லிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பனிக்கால டயர் போட்டவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாய் விட்டுக் கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது!

ஊருக்கு ஊர் சட்டம்

பக்கத்து மாநிலமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். 2008-லிருந்து அங்கே இந்தச் சட்டம் உண்டு. மான்ட்ரியலில் பிள்ளை இருக்கிற தாய்மார்களுக்கு அந்த வகையில் கவலை குறைவு. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, அவரவர் புத்தி. ஜெர்மனியில் ரோட்டில் பனியோ உறைபனியோ இருக்கும்போது பொருத்தமான டயர் இருந்தாக வேண்டும்; 2024 அக்டோபரிலிருந்து மலை முத்திரை உள்ளது மட்டுமே செல்லும். நார்வேயில் குளிர்காலத்தில் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆஸ்லோ நகருக்குள் ஆணி டயரோடு ஓட்டத் தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் பொருந்தாத டயரோடு ஓட்டி விபத்து நடந்தால் பொறுப்பு ஓட்டியவர் தலையில் விழலாம்.

பனிக்கால டயரை முதலில் செய்தது பின்லாந்துக்காரர்கள், 1934-ல், லாரிகளுக்காக. இரண்டே வருஷத்தில் காருக்கும் வந்துவிட்டது. பிழைப்புக்குத் தேவை என்றால் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்!

தாய்மார்கள் கவனிக்க

டயரோடு சேர்த்து இன்னும் சில விஷயங்களையும் மகளிடம் கேளுங்கள். குளிர் ஏற ஏற டயரில் காற்று தானாகக் குறையும். 5, 6 டிகிரி இறங்கினால் ஒரு பவுண்டு அளவு குறைகிறது. மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

குழந்தையைத் தடித்த பனிக் கோட்டோடு கார் சீட்டில் கட்டக் கூடாது. பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். மோதினால் கோட்டுப் பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். கோட்டைக் கழற்றிப் பெல்ட்டை மாட்டி, மேலே போர்வையைப் போர்த்த வேண்டும். இதை நான் மகளிடமிருந்து கற்றுக்கொண்டேன், அதற்கு முன்னால், "பிள்ளைக்குக் குளிருமேடி!" என்று அவளோடு சண்டை போட்டேன்.

காரைப் பனி மூடியிருந்தால், புகைக்குழாய் வாயை முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் இன்ஜினைப் போட வேண்டும். அடைத்திருந்தால் விஷப்புகை காருக்குள் வரும். வாசனையே தெரியாது. அப்பா பனி வாரும்போது குழந்தைகளைச் சூடாக இருக்கட்டுமென்று காருக்குள் உட்கார வைப்பது இதனால்தான் ஆபத்து.

ஏப்ரலில் வெயில் வந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும். மிருதுவான ரப்பர் கோடை ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும், பிரேக்கும் தாமதமாகப் பிடிக்கும். கழற்றியதைக் கழுவி உலர்த்தி, பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிற்க வைக்க வேண்டும்.

டயர் மாற்றின பிறகு நல்ல பனி கொட்டிய ஒரு நாள், மகள் என்னை ஆளில்லாத வண்டி நிறுத்தும் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டாள். கறகறவென்று பனியைக் கடித்துக்கொண்டு கார் நின்றது. "பார்த்தியாம்மா?" என்றாள். மறுபடி போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்று தடவை. மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பனி விழுந்த அன்றைக்கு ஊரே டயர் கடை வாசலில் நிற்கும். இரண்டு வாரத்துக்கு நாள் கிடைக்காது. அதனால் மகளுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். இனி வருஷா வருஷம், தீபாவளிக்கு அவர்களுக்கு நான் இங்கே துணி எடுக்கிற வாரம், அங்கே அவள் டயருக்கு நாள் வாங்கிவிட வேண்டும். "சரிம்மா, உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பறேன், முத்திரையைப் பெரிசாக்கிப் பார்த்துக்கோ" என்கிறாள். பார்க்கத்தான் போகிறேன்.