மருந்து போட்டால் பொங்கும் நுரை! கடல் மீன் தொட்டியைக் காப்பது எப்படி?

மும்பை மெரின் டிரைவில் தாராபூர்வாலா மீன் காட்சிசாலை 1951-ல் திறக்கப்பட்டது. வண்ணக் கடல் மீன்களைப் பலர் முதலில் பார்த்தது அங்கேதான். இன்று அதே இன மீன்கள் ஓட்டல் முகப்பிலும், பல் டாக்டர் அறையிலும், கம்பெனி ஆபீசுகளிலும் கண்ணாடித் தொட்டியில் நீந்துகின்றன. தொட்டி முதலாளியுடையது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் பியூன் தலையிலோ குமாஸ்தா தலையிலோ விழுகிறது.

சிவப்புப் பாசி படர்ந்தது என்று ஒருநாள் மருந்து போடுகிறார்கள். மறுநாள் காலையில் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்! 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற நுரை வாங்கும் கருவி பொங்கி வழிந்திருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மீன் செத்தால் பழி யார்மேல் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நுரை ஏன் பொங்குகிறது?

இந்தக் கருவி தண்ணீரில் காற்றைப் பொடிக் குமிழிகளாகக் கலக்கிறது. மீன் கழிவு, மிஞ்சிய இரை ஆகியவற்றின் பசை குமிழிகளில் ஒட்டி மேலேறி, நுரையாகி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் விழுகிறது. மழைக்காலத்தில் கடலலை கரையில் ஒதுக்கும் நுரையும் ஏறக்குறைய இப்படி உண்டாவதுதான். பாசி மருந்தும், மீன்களின் புழுவுக்குப் போடும் பிராசிகுவாண்டலும் குமிழிகளை எளிதில் உடையவிடாமல் செய்துவிடுகின்றன. செத்த பாசியும் கரைந்து நுரையைக் கூட்டுகிறது. கருவியில் கோளாறு ஏதுமில்லை.

பிளக்கைப் பிடுங்கலாமா?

25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கடல் நீரில் 7 கூடத் தேறாது. அழுகும் பாசி அதிலும் பங்கு கேட்கும். காற்று ஊட்டிவந்த கருவியையும் நிறுத்தினால், இரவில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஆகவே, கருவி கீழ்த்தொட்டிக்குள் இருந்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, நுரை அந்தத் தொட்டியிலேயே விழும்படி ஓடவிடலாம். தொட்டியின் முதுகில் தொங்கும் ரகமானால் அதை நிறுத்திவிட்டு, காற்றுப் பம்பில் கல் மாட்டி இரவு பகலாக ஓட்டவேண்டும்.

வழிந்து போனது உப்புத் தண்ணீர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் வழிந்து, அந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், உப்பு 33 கிராம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். உப்புக் கலந்த நீரையே ஊற்றி, ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். சௌபாத்தியில் மொண்டு வரலாமே என்று நினைக்கவேண்டாம். கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது.

பாக்கெட்டில் சொன்ன கெடு முடிந்ததும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். குழாய்த் தண்ணீரானால் முதல் நாளே ஹைப்போ போட்டுக் குளோரினைப் போக்கி, உப்பைக் கரைத்து வைப்பது நல்லது. மருந்து வேலை செய்யும்போது கரிப் பை உள்ளே இருக்கக்கூடாது, மருந்தையே உறிஞ்சிவிடும். கெடு முடிந்தபின் அதே கரிதான் மிச்ச மருந்தை வாங்கும்.

கிண்ணத்தைச் சோப்புப் போடாமல் கழுவி மாட்டி, கருவிக்குள் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்து, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தவேண்டும். வெள்ளை நுரை அடங்கி, நாற்றமுள்ள கரும்பச்சைக் கசடு கிண்ணத்தில் சேர்ந்தால் கருவி பழைய நிலைக்கு வந்துவிட்டது.